கழிவு

முதல் இரவு கேள்வியை எழுதினேன்:
"தராசு ஏன் பொய் சொல்கிறது?"
விடியுமுன் வெட்டினேன்.
அது கேள்வியில்லை. தீர்ப்பு.
வாலில் ஒரு வளைவு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

மறுபடி எழுதினேன்:
கொய்தவள் முதுகில் இருக்கும் நிறைக்கும்
செக்ரோலில் ஏறும் நிறைக்கும்
எவ்வளவு வித்தியாசம், எந்த இடத்தில்?
இந்த மூன்று வரிக்கு வந்துசேர ஒன்பது நாள்.

பொகவந்தலாவைக் கடைத்தெருவில்
மீன்காரர் பிடிக்கும் தொங்குதராசு ஒன்று வாங்கினேன்.
தபாற்கந்தோரில் படிக்கல் இரவல் கேட்டு
அதைத்தான் முதலில் விசாரித்தேன்.
ஐம்பது கிராம் கூட்டிச் சொன்னது.
முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்:
என் சாட்சிக்கும் ஒரு கோணல் உண்டு.

மேல்கணக்கில் பத்துப் பேர், கீழ்க்கணக்கில் பத்துப் பேர்.
முகம் பார்த்துப் பிடிக்கவில்லை;
சீட்டெழுதிப் பால்மா டின்னில் குலுக்கினேன்.
சின்னம்மாவின் பெயர் விழவில்லை.
அன்றிலிருந்து லயத்து வாசலில்
என்னைக் கண்டால் கோழியோடு பேசுவாள்.

பதினான்கு நாள். மழையும் வெயிலும் கலந்து.
காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை.
எண்ணூற்று நாற்பது கட்டங்கள்.
அட்டை கடித்த காலோடு நிரப்பினேன்.
ரத்தம் பட்ட ஓர் இடத்தில்
ஏழா ஒன்றா தெரியவில்லை.
எனக்கு வேண்டிய எண்ணை வைக்கக் கை போனது.
கட்டத்தை வெறுமையாய் விட்டு
கை போனதை ஓரத்தில் குறித்தேன்.

கணக்கப்பிள்ளை ரட்ணசபாபதி சிரித்தார்:
"தராசைத்தானே பார்க்கிறீர்? வடிவாய்ப் பாரும்."
பார்த்தேன்.
மடுவத்துத் தராசு சரி.
நூறு கிராம் இங்கே, நூறு கிராம் அங்கே.
நெஞ்சுக்குள் நான் எப்போதோ தூக்கிலிட்டது
நிரபராதி.
அன்றிரவு ரொட்டி தொண்டையில் நின்றது.

அப்படியானால் எங்கே?
தட்டுக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு சொல்:
கழிவு. நிறுவை ஒன்றுக்கு இரண்டு கிலோ.
எதற்கு என்றேன்.
"கூடைக்கு" என்றார், தலை நிமிராமல்.

எந்தக் கூடை?
நைலோன் பையைத் தனியே தொங்கவிட்டேன்: முந்நூற்றைம்பது கிராம்.
பீலியில் நனைத்துத் தொங்கவிட்டேன்: நானூற்றெண்பது.
கூடை மலையை விட்டுப் போய்ப் பல வருஷம்.
அதன் பாரம் மட்டும்
நாளுக்கு மூன்று தரம் ஏறி இறங்குகிறது.

மழைநாளில் இலையோடு தண்ணீரும் வருகிறது;
அன்றைய கழிவில் பாதி நியாயம்.
அதையும் எழுதினேன்.
"அந்த வரி தேவையா, தங்கச்சி?"
சங்கத்துக்காரர் கேட்டார்.
தேவை.

ஒரேயொரு கட்டம் மட்டும் எதற்கும் அடங்கவில்லை.
ஒரு பகல் நிறுவை. மலையில் ஒன்பது கிலோ,
மடுவத்தில் பதின்மூன்று.
கொழுந்து வழியில் முளைக்காது.
அடுத்த வரிசையில் இன்னொருத்திக்கு நாலு கிலோ காணோம்.

யோகமலரிடம் போனேன்.
சேலைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டாள்.
"ஏழு மாசம். குறைஞ்சா அரைப்பேர் போடுவாங்க.
இதையும் எழுதப்போறியா?"

அழித்தால் பொய். எழுதினால் காட்டிக்கொடுப்பு.
மண்ணெண்ணெய் தீரும்வரை அந்தக் கட்டத்தோடு இருந்தேன்.
கடைசியில் எண்களை விட்டுவைத்தேன்,
நாளையும் ஆளையும் எடுத்தேன்,
குறிப்பில் இவ்வளவு:
"வழியில் கைமாறியது. அளவுப் பிழை அன்று."

பிரட்டுக்களத்தில் வாசித்தேன், காலை ஆறரைக்கு.
யாரும் கைதட்டவில்லை.
ஒவ்வொருத்தியும் தன் வெறும் பையை
ஒரு கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.
கூட்டத்தைப் பிளந்து சின்னம்மா வந்தாள்,
பையை என் முகத்துக்கு நேரே நீட்டி:
"இருபது பேரோட சரியா?
இதையும் நிறு."

முந்நூற்று அறுபது.
என் தராசின் ஐம்பதைக் கழித்து
முந்நூற்றுப் பத்து.